ஜெல்லிக்கு நாலு கையெழுத்து

மேலப்பொத்தையில் அறிவாளிகள் நாலு பேர். மற்றவர்கள் எல்லாம் வயலுக்கும் கடைக்கும் போய்ப் பிழைக்கிறவர்கள், அவர்களுக்கு யோசிக்க நேரம் கிடையாது. ஆகையால் ஊருக்காக யோசிக்கிற வேலையை இந்த நாலு பேரும் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். பந்திக் குழு என்று பெயர். ஊர்க் கல்யாண மண்டபத்தில் இலையில் புதிதாக எந்தப் பதார்த்தம் விழுவதாக இருந்தாலும் குழு அதை ருசி பார்க்க வேண்டும். நாலு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகுதான் அது இலையில் விழலாம். கையெழுத்து இல்லாமல் பரிமாறினவர் ஒரு வருஷத்துக்கு மண்டபத்துக்குள் கரண்டியோடு நுழையக் கூடாது.

இந்த வழக்கம் வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்தில் யாரோ ஆசைப்பட்டுக் காளான் பிரியாணி போட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊரே சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது. நாலே நாலு பேருக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. இப்பேர்ப்பட்ட வயிறுகளை வீணாக விடலாமா என்று ஊர் கூடி அந்த நாலு பேரையே குழுவாகப் போட்டுவிட்டது. அவர்கள் தேதியை மறந்து மறுநாள் கல்யாணத்துக்குப் போனவர்கள் என்கிற விவரம் பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ரப்பர் ஸ்டாம்பு வந்துவிட்டது. என்ன செய்ய?

ஆவுடையப்பனுக்கு மீசை பெரியது, அதனால் அவர் தலைவர். நெல்லைநாயகத்தின் சட்டைப் பையில் எப்போதும் பேனா இருக்கும், அதனால் அவர் செயலாளர். எதை எழுதினாலும் பக்கத்தில் மணியையும் எழுதுகிற சுத்தமான கை. மாசானம் சந்தேகம் கேட்பார். பேச்சிமுத்து, ஒரு காரியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் செய்துவிடுவார். பாதி சொல்லும்போதே செய்து முடிப்பதால் மீதியைக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

இவர்கள் கையில்தான் தங்கபுஷ்பத்தின் பிழைப்பு வந்து மாட்டியது. பதினோரு வருஷம் இன்னொருத்தர் கடையில் அல்வா வெட்டிக் கொடுத்துவிட்டு, போன மாசம்தான் "இனி எனக்கு நானே முதலாளி" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தவள். முதல் ஆர்டர், ஞாயிற்றுக்கிழமை கல்யாணத்துக்கு நானூறு கிண்ணம் மாதுளை ஜெல்லி. மாப்பிள்ளை எங்கோ நாகர்கோவில் பக்கம் சாப்பிட்டுவிட்டு வந்து, ஜெல்லி இல்லாமல் தாலி கட்ட மாட்டேன் என்று நின்றாராம். இது நல்லபடியாக நடந்தால் தங்கபுஷ்பத்துக்கு ஒரு வழி பிறக்கும். நடக்காவிட்டால் திங்கட்கிழமை காலையில் பழைய முதலாளி முன்னால் போய் நிற்க வேண்டும். "நீ எங்க சுத்துனாலும் இங்கதான் வருவ பாரு" என்று சொல்லி அனுப்பிய ஆள் அவர்.

கல்யாணத்துக்கு ஆறு நாள் இருக்கும்போது மாதிரிக்கு நாலு கிண்ணம் கொண்டுவந்து மண்டபத்து மேஜையில் வைத்தாள். மேஜைக்கு ஒரு கால் குட்டை. கிண்ணத்துக்குள் ஜெல்லி சிவப்பாக, பளபளவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. நால்வரும் குனிந்து பார்த்தார்கள்.

"நடுங்குதே வே," என்றார் மாசானம்.

"நம்மளப் பாத்துப் பயந்திருக்கும். ஊருக்குப் புதுசுல்லா," என்றார் ஆவுடையப்பன்.

பேச்சிமுத்து முகத்தைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "பயப்படாத, ஒண்ணும் செய்ய மாட்டோம்," என்று ஆறுதல் சொன்னார். மூச்சுப் பட்டதில் அது இன்னும் நடுங்கியது.

"மிரட்டாதயும் வே! இம்புட்டுப் பயப்படுததைத் திங்கது பாவம்லா?" என்றார் ஆவுடையப்பன்.

தங்கபுஷ்பம் பல்லைக் கடித்துக்கொண்டு, "அண்ணாச்சி, அது உயிரில்லாத சாமான். ஜெலட்டின் போட்டிருக்கேன், அதான் ஆடுது. சாப்பிட்டுப் பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

"ஜெலட்டின்னா என்ன தாயி?" என்று கேட்டார் மாசானம்.

அவள் பொய் சொல்லிப் பழகாதவள். "மாட்டுத் தோலு, எலும்பு இதுலருந்து எடுக்கது," என்று உண்மையைச் சொல்லிவிட்டாள். நாலு கரண்டியும் ஒரே சமயத்தில் மேஜையில் விழுந்தன. இது நம் வயிற்றளவில் முடிகிற காரியமில்லை, படித்தவர்களைக் கேட்க வேண்டும் என்று குழு தீர்மானித்தது.

மறுநாள் உணவுப் பாதுகாப்பு அலுவலர் அம்மா ஒருத்தர் வேறு வேலையாக அந்தப் பக்கம் வந்தார். வழியை மறித்துக்கொண்டு நின்ற நாலு பேருக்கும் அவர் ஜீப்பை விட்டு இறங்கிப் பொறுமையாக விளக்கம் சொன்னார். நல்ல மனுஷி. அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை.

"ஜெலட்டின்ங்கிறது ஒரு புரதம்ங்க. மாடு, பன்றி இதுங்களோட தோலையும் எலும்பையும் பக்குவம் பண்ணி எடுக்கிறாங்க. மீன்ல இருந்தும் எடுப்பாங்க. மணம் கிடையாது, தனியா ஒரு ருசியும் கிடையாது. ஜெல்லி, மென்னு திங்கிற மிட்டாய், சில ஐஸ்கிரீம், சில வகைத் தயிர், எல்லாத்துலயும் போடுறாங்க. மாத்திரை இருக்கில்ல, ரெண்டு கலர்ல கூடு மாதிரி, அந்தக் கூடே பெரும்பாலும் ஜெலட்டின்தான். சுத்தமா தயாரிச்சது, உணவுக்குன்னு விக்கிறது, அதை வாங்கிப் போட்டா சாப்பிடுறவங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

ஆவுடையப்பன் வெளிறிப்போய் மடியிலிருந்து ஒரு சத்து மாத்திரையை எடுத்தார். பாதி சிவப்பு, பாதி மஞ்சள். "ஆறு வருஷமா தினம் ஒண்ணு முழுங்குதேன் வே," என்றார்.

"ஆறு வருஷமாவா? இந்த ஆறு வருஷத்துல உமக்கு என்னெல்லாம் ஆச்சு, சொல்லும்," என்றார் மாசானம்.

"மூணு பல்லு போச்சு. மகளுக்குக் கல்யாணம் ஆச்சு. கொல்லையில தென்னமரம் சாஞ்சுது. மருமகன் துபாய்க்குப் போனான்."

நெல்லைநாயகம் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அலுவலர் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார். ஜீப்பில் ஏறிக்கொண்டே, "சந்தேகமா இருந்தா நீங்களே கொஞ்சம் சாப்பிட்டுட்டு ஒரு நாள் பாருங்க, ஏதாவது ஆச்சுன்னா எழுதி வையுங்க. சைவமா சாப்பிடுறவங்களுக்கு மட்டும் இதுல என்ன இருக்குன்னு முன்னாடியே சொல்லிடணும். அது ரொம்ப முக்கியம்," என்றார். ஜீப் போய்விட்டது. அவர் சொன்ன வார்த்தை நாலு பேர் கையில் தனியாக மாட்டிக்கொண்டது.

மறுநாள் முதல் காரியம், சைவக்காரர்களுக்குத் தகவல் சொல்வது.

"நம்ம ஊர்ல சைவம் யாருவே இருக்கா? கருவாட்டு வாசம் இல்லாத வீடு ஏது?" என்றார் ஆவுடையப்பன்.

வெகுநேரம் யோசனை நடந்தது. கடைசியில் பேச்சிமுத்துதான் நிமிர்ந்தார். "எங்க வீட்டுக் கெடா இருக்குல்லா? பொறந்ததுலருந்து மாமிசத்தைத் தொட்டது கெடையாது. முட்டகூடக் கெடையாது."

அதைக் கேட்டதும் மற்ற மூவருக்கும் கண் திறந்துவிட்டது. இத்தனை காலமும் இத்தனை சுத்தமான சைவக்காரர்களைத் தெருவில் வைத்துக்கொண்டு கவனிக்காமல் இருந்திருக்கிறோமே என்று வெட்கப்பட்டார்கள். உடனே நோட்டீஸ் எழுதிக்கொண்டு கிளம்பினார்கள். மத்தியானத்துக்குள் நாற்பத்து மூன்று ஆடு, இரண்டு முயல், ஒரு கழுதை, எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லியாயிற்று. கழுதை மட்டும் கடைசி வரை கேட்டது என்று குறிப்பில் இருக்கிறது.

செவலைப் பசுவின் தொழுவத்துக்கு வந்ததும்தான் நால்வரும் தயங்கி நின்றார்கள்.

"இதுகிட்ட எப்படிவே சொல்லுதது? மத்தவங்களுக்கு இது வெறும் தகவல். இதுக்கு எழவுச் சேதில்லா," என்றார் மாசானம்.

"சொல்லாம இருக்க முடியாது. உரிமை," என்றார் நெல்லைநாயகம்.

ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் போனார். தொண்டையைச் செருமினார். "இந்தா பாரு தாயி, மனசைத் தேத்திக்கோ. ஞாயித்துக்கெழம கல்யாணத்துல ஒரு பதார்த்தம் போடுதாவ. அதுல வந்து... உங்க சொந்தக்காரவுக கொஞ்சப் பேரு இருக்காவ."

பசு அவரை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அவர் கையிலிருந்த நோட்டீஸை வாங்கி மெல்ல ஆரம்பித்தது.

"துக்கத்துல என்ன செய்யுதோம்னு அதுக்கே தெரியல, பாவம். வாங்க போவோம், அழணும்னா தனியா அழட்டும்," என்று மாசானம் எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு வந்தார். நெல்லைநாயகம் எழுதினார்: "பகல் 12.40. செவலைப் பசு. தகவல் சொல்லப்பட்டது. பதில் இல்லை. நோட்டீஸைத் தின்றது."

ஊரில் நிஜமாகவே சைவம் சாப்பிடுகிற குடும்பங்கள் இரண்டு இருந்தன. அந்தத் தெருவில் ஆடு மாடு இல்லாததால் குழு அங்கே போகவில்லை. தங்கபுஷ்பம்தான் போய் விவரத்தைச் சொல்லி, "உங்களுக்குன்னு தனியா கடல்பாசியில செஞ்சு, தனித் தட்டுல வச்சிருதேன், அதுல எலும்பும் கெடையாது தோலும் கெடையாது" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்து, சாப்பிட்டுப் பார்க்கிற காரியம். வியாழக்கிழமை காலையில் நால்வரும் கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒரு கிண்ணம் சாப்பிட்டார்கள். நன்றாக இருந்தது. பேச்சிமுத்து இன்னொன்றும் சாப்பிட்டார். பிறகு நெல்லைநாயகம் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாயங்காலம் தங்கபுஷ்பம் ஆவலாக வந்து அதை வாங்கிப் படித்தாள்.

"காலை 7.05. சாப்பிட்டோம். 7.09. பேச்சிமுத்துவின் செருப்பு வார் அறுந்தது. 7.30. கரண்டு போனது. 8.15. திருநெல்வேலி பஸ் கையைக் காட்டியும் நிற்கவில்லை. 9.00. தலைவரின் மாமியார் பெட்டியோடு வந்து இறங்கினார். 9.02. தலைவருக்குத் தலைவலி. 11.20. கடுமையான வெயில். மாலை 4.00. மழை வருகிற மாதிரி இருந்து வரவில்லை."

"இதுக்கும் ஜெல்லிக்கும் என்ன அண்ணாச்சி சம்பந்தம்?"

"சாப்பிட்ட பொறவுதான தாயி எல்லாம் ஆச்சு? அந்த அம்மா ஒண்ணும் ஆகாதுன்னாவ. இங்க பாத்தா ஏழு ஆயிருக்கு. அதுல ஒண்ணு எங்க மாமியா," என்றார் ஆவுடையப்பன்.

"நீங்க சாப்பிடாட்டியும் இது ஆயிருக்கும்லா!"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கோணத்தில் யாரும் யோசிக்கவில்லை. நியாயமான பேச்சு என்று ஒப்புக்கொண்டார்கள். மறுநாள் மூன்று பேர் சாப்பிடுவது, மாசானம் மட்டும் சாப்பிடாமல் இருப்பது, யாருக்கு என்ன ஆகிறது என்று பார்ப்பது என்று முடிவாயிற்று. தங்கபுஷ்பத்துக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. கெட்டிக்காரியாக இருந்தும் இந்த இடத்தில் ஏமாந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை சாப்பிட்ட மூன்று பேருக்கும் எதுவும் ஆகவில்லை. சாப்பிடாத மாசானம், சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்து சாக்கடையில் விழுந்தார்.

"பாத்தியளா? திங்கவனை விட்டுட்டுத் திங்காதவனைப் பிடிக்குது. எம்புட்டு விஷமா இருந்தா இப்படிச் செய்யும்?" என்றார் மாசானம், முழங்காலில் மஞ்சள் பத்தோடு.

"அப்ப ஊர்ல எல்லாரும் தின்னுட்டா ஒருத்தனும் சாக்கடையில விழ மாட்டாம்லா?" என்றார் பேச்சிமுத்து.

அன்றைக்கு அந்த அறையில் பேசப்பட்டதில் ஓரளவு உருப்படியான பேச்சு அதுதான். அதனாலேயே யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. முடிவாகத் தலைவர் சொன்னார்: "அந்த அம்மா சொன்னது ஒண்ணும் ஆகாதுன்னு. ஜெல்லியைத் தின்னுட்டு ஒண்ணுமே ஆகாம நாலு மணி நேரம் போகணும். போச்சுன்னா கையெழுத்து. போகலைன்னா கெடையாது."

சனிக்கிழமை தங்கபுஷ்பம் மண்டபத்துச் சமையல் அறையில் வேலையைத் தொடங்கிவிட்டாள். ஜெலட்டின் தூளைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, அது உப்பி வந்ததும் சூடான மாதுளைச் சாற்றில் கொதிக்கவிடாமல் கரைத்து, நானூறு கிண்ணத்திலும் ஊற்றி, வாடகைக்கு எடுத்த பெரிய குளிர்பெட்டிகளில் அடுக்கினாள். அடுக்கி முடித்த அசதியில் ஒரு தப்புச் செய்தாள். வாசலில் நின்ற குழுவைப் பார்த்து, "இறுகுற வரைக்கும் அசைச்சிராதிய அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டாள்.

பேச்சிமுத்து அந்த நிமிஷமே மூச்சைப் பாதியாக்கிக்கொண்டார். மற்றவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். வாசலில் வாழைமரம் கட்டக் குழி தோண்டிக்கொண்டிருந்தவர்களின் கடப்பாரை பிடுங்கப்பட்டது. பஸ் டிரைவரிடம், மண்டபத்தைத் தாண்டும்போது இன்ஜினை அணைத்துவிட்டுப் பயணிகளைத் தள்ளச் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்கள். அவர் சொன்ன பதிலை நெல்லைநாயகம் எழுதவில்லை. மேளக்காரர்கள் ஒத்திகைக்கு வந்தபோது, சத்தமில்லாமல் வாசிக்கலாம், கை மட்டும் ஆடலாம் என்று அனுமதி கிடைத்தது. தவில்காரர் காற்றில் அரைமணி நேரம் தட்டிவிட்டு, "முப்பது வருஷத்துல இப்படி ஒரு தனி ஆவர்த்தனம் நான் வாசிச்சதில்ல" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். ஜெல்லி அருமையாக இறுகியது. குளிர்பெட்டி செய்த வேலைக்குக் குழு மாலை போட்டுக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. முகூர்த்தம் பத்தரைக்கு, பந்தி பன்னிரண்டுக்கு. கையெழுத்து இன்னும் இல்லை. தங்கபுஷ்பத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அதையும் எழுதி வைத்துவிடுவார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

"அண்ணாச்சி, ஊருக்குள்ள சுத்துனா ஏதாவது ஆகத்தான் செய்யும். இந்தச் சாமான் அறைக்குள்ள ஆளுக்கு ஒரு கிண்ணம் தின்னுட்டு உக்காருங்க. நான் கதவைச் சாத்திருதேன். உள்ள ஒண்ணும் ஆகாது. பன்னெண்டுக்கு முன்னால கையெழுத்தைப் போட்டுக் குடுத்திருங்க."

நல்ல யோசனையாகப் பட்டது. காலை ஏழே முக்காலுக்கு உள்ளே போனார்கள். சாப்பிட்டார்கள். பாத்திரங்களுக்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒன்றும் ஆகாமல் இருக்கத் தொடங்கினார்கள்.

எட்டு மணிக்குப் பல்லி கத்தியது. நெல்லைநாயகம் எழுதினார். ஆகவே முதலிலிருந்து எண்ண வேண்டியதாயிற்று. எட்டேகாலுக்கு மாசானம் கொட்டாவி விட்டார்.

"கொட்டாவி ஆகுததா, விடுததா?" என்று கேட்டார் பேச்சிமுத்து.

"விடுததுதான். ஆனா தானா வந்துச்சே," என்றார் மாசானம்.

"தானா வந்தா அது ஆகுதது. எழுதும் வே," என்றார் ஆவுடையப்பன்.

"எழுதுதது ஒண்ணு ஆகுததுதான?" என்றார் நெல்லைநாயகம்.

இந்த வாக்குவாதம் ஒன்பது மணி வரை நடந்தது. வாக்குவாதம் நடந்ததும் ஒன்று ஆனதுதான் என்று ஒன்பது மணிக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்கள். பிறகு அறையின் புழுக்கத்திலும் ஜெல்லியின் குளிர்ச்சியிலும் நால்வருக்கும் ஒன்றாகக் கண் சொக்கியது.

வெளியே தாலி கட்டியாயிற்று. பந்தி உட்கார்ந்தது. சித்திரை வெயில் மண்டபத்துத் தகரத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. குளிர்பெட்டிகளிலிருந்து எடுத்து வெளியே அடுக்கிய கிண்ணங்களில் ஜெல்லியின் ஓரம் தளர ஆரம்பித்தது. ஜெலட்டின் வெயில் தாங்காது. இன்னும் அரைமணி போனால் நானூறு கிண்ணமும் மாதுளைத் தண்ணீர்தான். தங்கபுஷ்பம் சாமான் அறைக் கதவைத் தட்டினாள். உள்ளிருந்து குறட்டை வந்தது. நாலு விதமான குறட்டை.

அவள் கிண்ணங்களைப் பார்த்தாள். கதவைப் பார்த்தாள். ஒரு வருஷம் இந்த மண்டபத்து வாசலை மிதிக்க முடியாது என்பதை நினைத்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "பரிமாறுங்கப்பா. வாரது வரட்டும்," என்றாள்.

அந்தப் பந்தியைப் பற்றி மேலப்பொத்தையில் இன்னும் பேசிக்கொள்கிறார்கள். பிள்ளைகள் கிண்ணத்தை ஆட்டி ஆட்டிச் சிரித்தன. மாப்பிள்ளை மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டுப் பெண்ணின் கிண்ணத்தையும் பார்த்தார், அவள் முறைத்ததும் விட்டுவிட்டார். பல்லே இல்லாத பெரியவர் ஒருவர், "பத்து வருஷங்கழிச்சு என் வாய்க்குன்னு ஒரு சாமான் செஞ்சிருக்காவப்பா" என்று கண் கலங்கினார். கடல்பாசித் தட்டும் காலி. கை கழுவின ஈரம் காய்வதற்குள் மேலத்தெரு ராமலட்சுமி வந்து, "ஆவணியில இதே மண்டபத்துல எம் மகனுக்குக் கல்யாணம், அறுநூறு கிண்ணம் வேணும், வேற யாருக்கும் வாக்குக் குடுத்திராத" என்று தங்கபுஷ்பத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். தங்கபுஷ்பத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆவணியில் இந்த மண்டபத்துக்குள் அவளை யார் விடுவார்கள்?

அந்தச் சமயத்தில் சாமான் அறைக் கதவு திறந்தது. நாலு அறிவாளிகளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒரு காகிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். "பகல் 1.15. ஒன்பது மணியிலிருந்து நாலேகால் மணி நேரமாக எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகவே ஜெலட்டின் நல்லது. பரிமாறலாம்." கீழே நாலு கையெழுத்து, ஸ்டாம்பு.

ஆவுடையப்பன் இலைகளைப் பார்த்தார். "பந்தி முடிஞ்சிட்டு போலிருக்கே?"

"ஜெல்லி?" என்றார் மாசானம்.

தங்கபுஷ்பம் காலியான தட்டுகளைக் காட்டினாள்.

"பன்னெண்டு மணிக்குத் தின்னிருக்காவ. அனுமதி ஒண்ணேகாலுக்கு. விதிப்படி ஒரு வருஷம் நீ..." என்று நெல்லைநாயகம் ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போகும், அந்த ஒண்ணேகாலை மட்டும் பதினொண்ணேகால்னு மாத்தி எழுதிருங்க. ஒரு கோடுதான்."

நெல்லைநாயகத்தின் முகம் சுருங்கிப்போனது. "தாயி, இந்தப் பேனாவால நான் பொய் எழுதுனதே கெடையாது."

அவள் அப்படியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து நால்வருக்கும் மனசு கரைந்தது. முட்டாள்கள்தான், ஆனால் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. ஓரமாகப் போய்க் கூடிப் பேசினார்கள். காகிதத்தில் கை வைக்க முடியாது, அது பொய். தின்றதைத் திருப்பி வாங்க முடியாது, அது அசிங்கம். மிச்சம் இருப்பது மணி ஒன்றுதான்.

"கடிகாரத்தை..." என்று ஆவுடையப்பன் ஆரம்பித்தார். பேச்சிமுத்து அதற்குள் நாற்காலியில் ஏறி மண்டபத்துக் கடிகாரத்தின் முள்ளைப் பின்னால் திருகிப் பதினொன்றில் நிறுத்திவிட்டார்.

"முடிஞ்சுது," என்றார் ஆவுடையப்பன். "இப்ப மணி பதினொண்ணு. பந்தி பன்னெண்டுக்கு. ஆக ஒருத்தரும் இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிடல. உன் மேல என்ன தப்பு இருக்கு தாயி? எழுதிக் குடும் வே."

நெல்லைநாயகம் கடிகாரத்தைப் பார்த்து மணியை எழுதி, அதன் கீழே, "தங்கபுஷ்பம் இதுவரை விதி எதையும் மீறவில்லை. இனி எப்போது வேண்டுமானாலும் இந்த மண்டபத்தில் ஜெல்லி போடலாம்" என்று எழுதினார். நால்வரும் கையெழுத்திட்டு ஸ்டாம்பும் குத்தினார்கள். தங்கபுஷ்பம் அதை வாங்கி நாலாக மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள். வேறு யாருக்காவது வேறு ஏதாவது தோன்றுவதற்குள், காலிக் கிண்ணங்களைக்கூட எடுக்காமல், ராமலட்சுமியை இழுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிவிட்டாள். தெருமுனை வரை அவள் சிரித்த சத்தம் கேட்டதாம். எனக்கும் அதில் சந்தோஷம்தான்.

அவள் போன பிறகு மாசானம் மேஜையில் கிடந்த பழைய காகிதத்தை எடுத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தலைவரே, இதுல நம்ம நாலு பேரு கையெழுத்தும் இருக்கு. ஒண்ணேகால்னு போட்டிருக்கு. இப்ப மணி பதினொண்ணு அஞ்சு. நாம இன்னும் இதைப் போடவே இல்லையே?"

ஆவுடையப்பன் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மீசை துடித்தது.

"எவனோ கள்ளக் கையெழுத்துப் போட்டிருக்கான் வே," என்றார்.

அடுத்த அரைமணியில் நால்வரும் போலீஸ் ஸ்டேஷனில் நின்றார்கள். ஏட்டையா காகிதத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது யாரு கையெழுத்து?"

"எங்க கையெழுத்துதான் சார். அச்சு அசலாப் போட்டிருக்கான். அவ்வளவு கெட்டிக்காரன்."

"எப்பப் போட்டான்?"

"ஒண்ணேகாலுக்கு சார்."

ஏட்டையா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. "முக்கா மணி நேரம் ஆச்சேய்யா. இந்நேரம் அவன் எங்க போயிருப்பானோ?"

ஆவுடையப்பன் மேஜை மேல் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"உங்க கடிகாரம் கெடக்கட்டும் சார். எங்க மண்டபத்துல இப்ப பதினொண்ணே முக்கால்தான். சட்டுனு ஜீப்பை எடுங்க. அவன் வந்து கையெழுத்துப் போடும்போது கையும் களவுமாப் பிடிச்சிரலாம்."